பைக் நிறுத்திய இடத்தில் ஆயில் கறையா? இன்ஜினைப் பிரிக்கும் முன் இதைப் பாருங்க!

போன வாரம்தான் ஆயில் மாற்றியிருப்பார்கள். இன்று காலை வண்டியை எடுத்தால் தரையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கருப்புக் கறை. பலரும் முதலில் பயப்படுவது, "இன்ஜினையே பிரிக்கணும்னு சொல்லிடுவாங்களோ?" என்றுதான். பெரும்பாலும் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் அப்படியே விடவும் கூடாது. 100 முதல் 125 சிசி பைக்குகளில் இருக்கும் ஆயிலே மொத்தம் சுமார் ஒரு லிட்டர்தான். சொட்டுச் சொட்டாகக் குறைந்தாலும் பிஸ்டன், கேம்ஷாஃப்ட் எல்லாம் தேய்ந்து, கடைசியில் இன்ஜின் சீஸ் ஆகிவிடும்.

கறை ஓர் இடம், கசிவு வேறு இடம்

ஆயில் மேலிருந்து கீழே வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்பக்கமாகத் தள்ளும். அதனால் சொட்டும் இடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்தால் தப்பாகிவிடும்.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு டிகிரீசர் போட்டுத் துடைத்துக் காயவிட வேண்டும். பிறகு சந்தேகப்படும் இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரை லேசாகத் தூவி, அக்கம்பக்கத்தில் 10 நிமிடம் ஓட்டிவிட்டுப் பார்க்க வேண்டும். பவுடரில் ஈரம் தெரியும் இடங்களில் எது மிக மேலே இருக்கிறதோ, அங்கேதான் கசிவு. செயினுக்கு அதிகமாகப் போட்ட ஆயில் தெறித்து இன்ஜின் மேல் படிவதும் உண்டு. அதை லீக் என்று நினைத்துச் செலவு செய்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆயில் மாற்றியதும் தொடங்கியதா?

அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது அடியில் இருக்கும் டிரெய்ன் போல்ட். அதிலுள்ள செம்பு அல்லது அலுமினிய வாஷர் ஒருமுறை நசுங்கித்தான் அடைப்பைத் தரும். பழைய வாஷரையே திரும்பப் போட்டால் கசிய வாய்ப்பு அதிகம். "இன்னும் கொஞ்சம் டைட் வெச்சா நின்னுடும்" என்று முறுக்குவதுதான் பெரிய தப்பு. இன்ஜின் கூடு அலுமினியம். மரை போய்விட்டால், ஒரு வாஷரோடு முடிய வேண்டிய வேலை லேத் பட்டறை வரைக்கும் போகும்.

ஆயில் அளவுக்கு மேல் ஊற்றினாலும் சிக்கல்தான். மிச்ச ஆயில் பிரீதர் குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் போய், அங்கிருந்து சொட்டும். வண்டியைச் சமதரையில் நேராக நிறுத்தி அளவு பார்க்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் பார்த்தால் அளவு தவறாகத் தெரியும்.

மேலே டேப்பட் கவரில் ஈரம் இருந்தால் ரப்பர் ஓ-ரிங் அல்லது கேஸ்கட் சூட்டில் இறுகிப் போயிருக்கும். மாற்றினால் போதும். கியர் லிவர் ஷாஃப்ட்டில் கசிந்தால் ஆயில் சீல் மாற்ற வேண்டும். பல மாடல்களில் இதை வெளியிலிருந்தே செய்துவிடலாம். கேஸ்கட்டுக்குப் பதிலாகச் சிலிக்கான் பேஸ்ட்டை அள்ளிப் பூசுவது மட்டும் வேண்டாம். உள்ளே பிதுங்கும் பேஸ்ட் உதிர்ந்து ஆயில் போகும் வழியை அடைக்கலாம். ஹெட் கேஸ்கட்டிலோ, இன்ஜின் கூட்டின் இரண்டு பாதிகள் சேரும் இடத்திலோ கசிந்தால்தான் உண்மையிலேயே பெரிய வேலை.

சைலன்சரில் நீலப் புகை வந்தால் கதை வேறு. ஆயில் வெளியே கசியவில்லை, உள்ளே எரிகிறது. பிஸ்டன் ரிங், வால்வு சீல் பக்கம் பார்க்க வேண்டும்.

எப்போது வண்டியை எடுக்கவே கூடாது?

பின் டயரில் ஆயில் பட்டிருந்தால் எடுக்கக் கூடாது. வளைவில் சட்டென வழுக்கிவிடும். ஸ்கூட்டரில் பின் சக்கரத்தின் கியர் ஆயில் சீல் போனால், ஆயில் பிரேக் டிரம்முக்குள் இறங்கி பிரேக்கே பிடிக்காமல் போகலாம். இந்த இரண்டிலும் ஒர்க்‌ஷாப் வரை ஓட்டிப் போவதைவிட, மெக்கானிக்கை வீட்டுக்கு அழைப்பதே நல்லது.

மற்றபடி லேசான கசிவு என்றால், சரிசெய்யும் வரை சில நாளுக்கு ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பார்த்து, குறைந்த அளவுக்கு அதே கிரேடு ஆயில் ஊற்றி ஓட்டலாம். பெரும்பாலான சின்ன பைக்குகளில் ஆயில் குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு கிடையாது.