அணை கட்டினால் ஊர் என்ன ஆகும்?



மேட்டூர் அணை என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பூங்காவும் மதகும்தான். ஆனால் அந்தத் தண்ணிக்கு அடியில் என்ன இருக்குன்னு யோசித்திருக்கிறீர்களா? ஊர்கள் இருக்கின்றன!

இந்த அணையை 1925-ல் கட்ட ஆரம்பித்து 1934-ல் முடித்தார்கள். அப்போதைய சென்னை மாகாண கவர்னர் பெயரால் இதற்கு ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பெயர். முழு நீர்மட்டம் 120 அடி. கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் 100 கோடி கன அடி.)

நிலம் எப்படி மாறுகிறது?
இரண்டு மலைக்கு நடுவில் ஆற்றை மறித்தால் தண்ணீர் பின்னால் ஏறும். முதலில் பள்ளமான வயல், பிறகு ஊர், கடைசியில் மலை அடிவாரம் என்று மூழ்கும். ஓடி வந்த ஆறு நின்று போவதால், அது சுமந்து வந்த வண்டல் மண்ணும் அங்கேயே படிந்துவிடும். 2017-ல் அந்த வண்டலை அள்ளி விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள்.

மக்கள் என்ன ஆனார்கள்?
வீடு, கிணறு, கோயில் எல்லாத்தையும் விட்டுவிட்டு மேட்டுக்குக் குடிபோனார்கள். பண்ணவாடியில் தண்ணீர் வற்றினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரமும் வெளியே தெரியும். நந்தி தெரிஞ்சா அணையில் தண்ணி குறைஞ்சு போச்சுன்னு அர்த்தம்.

தொழிலும் மாறிப்போச்சு. ஏர் பிடித்த இடத்தில் இப்போது பரிசலில் போய் மீன் பிடிக்கிறார்கள். பண்ணவாடியிலிருந்து எதிர்க்கரை நாகமரைக்குப் படகில் போகணும், இல்லாட்டி ரொம்ப தூரம் சுத்திப் போகணும். தண்ணீர் வற்றும்போது அந்த நிலத்திலேயே பயிர் வைப்பார்கள். திடீர்னு வெள்ளம் வந்தால் போட்ட முதலும் தண்ணியோடு போயிடும்.

இந்த அணையால்தான் டெல்டாவில் நெல் விளைகிறது. வழக்கமாக ஜூன் 12-ல் தண்ணீர் திறப்பார்கள். அதனால் அணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அணையின் நீளம், உயரம், கட்டிய வருஷம் எல்லாம் நாம் மனப்பாடம் செய்கிறோம். மூழ்கிய ஊர்களின் பெயரையும் சேர்த்துப் படிக்கலாமே! நாம் சாப்பிடும் சோற்றில் அவர்கள் விட்டுக்கொடுத்த வயலும் இருக்கு.

சிந்திப்போம்!

- ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி