வேலையின் பாரமும் வேலையில் சுவாதீனமும்

விடியற்காலையில் ராயக்கோட்டைச் சாலையோரம் நின்று பார்க்கிறவர்களுக்கு, இவ்வட்டாரத்தின் இரண்டு ஜீவனோபாயங்களும் ஒன்றையொன்று கடந்து செல்வது பிரத்தியட்சமாகத் தெரியும். சுற்றுக் கிராமங்களிலிருந்து தக்காளிப் பெட்டிகளை ஏற்றிய வண்டிகள் மண்டியை நோக்கி வருகின்றன; கழுத்தில் அடையாள அட்டையும் கையில் சாப்பாட்டுப் பையுமாக நிற்கும் இளைஞர்களையும் பெண்களையும் ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் ஓசூரை நோக்கிப் போகின்றன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் இந்த எல்லைப்புறத்தில், 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை உருவாகி, அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் டைட்டனும் அடுத்தடுத்து ஆலைகளை நிறுவி, அண்மைக் காலத்தில் கைப்பேசிக்கு உறுப்புகள் செய்யும் பெரும் தொழிற்சாலையும் வந்து சேர்ந்த பிறகு, ஏர் பிடித்த குடும்பங்கள் பலவற்றில் ஒரு தலைமுறைக்குள் ஷிப்ட் என்ற சொல் வீட்டுச் சொல்லாகிவிட்டது.

மாதச் சம்பளமும் வருங்கால வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ. மருத்துவமும் இந்தக் குடும்பங்களுக்குக் கிடைத்த பெரும் ஆதரவு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவற்றோடு, நிலத்தில் உழைத்த பாட்டனார் அறியாத ஓர் உறவும் வந்து சேர்ந்தது: நாள் முழுவதும் தலைக்கு மேல் நிற்கும் மேலதிகாரி. “மாசம் பொறந்தா சம்பளம் வருது, உனக்கு என்னடா குறை?” என்று தகப்பனார் கேட்பதும், “வேலை கஷ்டமில்லப்பா, அந்த சூபர்வைசர்கிட்ட தான் முடியல” என்று மகன் பதில் சொல்வதும் இப்பக்கத்து வீடுகளில் புதிய சம்பாஷணை அல்ல. இந்தப் பதிலைச் செல்லம் கொடுத்து வளர்த்ததன் விளைவு என்று பெரியவர்கள் ஒதுக்கிவிடுவதுண்டு. சென்ற அறுபது ஆண்டுகளாக உத்தியோகத்துக்கும் உடம்புக்கும் உள்ள சம்பந்தத்தை ஆராய்ந்து வந்த விஞ்ஞானிகளோ, மகன் சொல்வதில் பேருண்மை இருக்கிறது என்கிறார்கள்.

படிக்கட்டும் இருதயமும்

1967இல் லண்டன் நகரில், வொயிட்ஹால் என்ற பகுதியிலுள்ள அரசாங்க அலுவலகங்களில் பணியாற்றிய ஏறத்தாழ 18,000 ஆண்களின் உடல்நிலையைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் ஆராய்ச்சி தொடங்கியது. பெரிய உத்தியோகஸ்தர்களே ஓயாத பொறுப்பினாலும் கவலையினாலும் மாரடைப்புக்கு இரையாகிறார்கள் என்பது அக்காலத்துப் பொது அபிப்பிராயம். கிடைத்த கணக்கோ நேர்மாறாக இருந்தது. உத்தியோகப் படிக்கட்டில் ஒவ்வொரு படி கீழே இறங்கும்போதும் இருதய நோயால் நேரும் மரணம் மிகுந்துகொண்டே போயிற்று. கடைசிப் படியில் இருந்த ஏவலாட்களிடையே அது உச்சிப் படியினரைவிட மூன்று மடங்குக்கும் மேற்பட்டிருந்தது. புகைபிடித்தல், இரத்த அழுத்தம், கொழுப்பு முதலியவற்றைக் கணக்கில் சேர்த்துக் கழித்த பின்னும் அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி விளக்கமின்றி எஞ்சி நின்றது.

1985இல் மைக்கேல் மார்மட் என்ற மருத்துவப் பேராசிரியரின் தலைமையில், பெண்களையும் சேர்த்து 10,308 ஊழியர்களைக் கொண்டு இரண்டாவது ஆராய்ச்சி ஆரம்பமாயிற்று. எந்த வேலையை முதலில் செய்வது, எப்படிச் செய்வது, எப்போது சற்று ஓய்வது என்பவற்றில் ஊழியருக்கு எவ்வளவு சுவாதீனம் இருக்கிறது என்று அவர்களிடமே கேட்டுப் பதிந்துகொண்டார்கள். சுவாதீனம் குறைந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இருதய நோய் வருவது கூடுதலாக இருந்தது என்று 1997இல் வெளியான முடிவு தெரிவித்தது.

இதற்கு முன்னரே, 1979இல், ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், சுவீடனிலும் அமெரிக்காவிலும் எடுத்த தொழிலாளர் கணக்குகளைக் கொண்டு ஒரு சித்தாந்தத்தை வகுத்திருந்தார். வேலையின் பாரம் ஓர் அளவு. அந்த வேலையில் தொழிலாளிக்குள்ள சுவாதீனம் மற்றோர் அளவு. பாரமும் மிகுந்து சுவாதீனமும் மிகுந்திருந்தால் மனிதன் களைத்தாலும் வளர்கிறான், கற்றுக்கொள்கிறான். பாரம் மிகுந்து சுவாதீனம் குன்றியிருக்கும் இடத்தில்தான் அவன் நோய்வாய்ப்படுகிறான் என்பது அவர் கூற்றின் சாரம். விலை விழுமோ ஏறுமோ என்ற கவலையோடு தக்காளி பறிக்கும் விவசாயியின் பாரம் லேசானதன்று. ஆயினும் எந்த வயலில் இன்று இறங்குவது, எப்போது மரநிழலில் உட்காருவது என்பதை அவர் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்குப் போகவும் ரிலீவர் வரும்வரை காத்து நிற்கிற லைன் வேலைக்காரருக்கு, கூலி கூடுதலாயினும், அந்தச் சுவாதீனம் இல்லை.

இருதய நோய்க்கு இதுவே முழுக் காரணம் என்று எந்த அறிஞரும் சொல்லவில்லை. ஐரோப்பிய நாடுகளில் நடந்த 13 ஆராய்ச்சிகளில் பங்கேற்ற ஏறத்தாழ 2 லட்சம் பேரின் விவரங்களை ஒன்றுதிரட்டி 2012இல் வெளியிட்ட கணக்கு, இத்தகைய நெருக்கடியான வேலையிலிருப்போருக்கு இருதய நோய் அபாயம் சுமார் 23 சதவீதம் கூடுதல் என்று கண்டது. புகைபிடிப்பதன் தீமையோடு ஒப்பிட்டால் இது சிறியதே. ஆனால் புகையை விட்டுவிட ஒருவனால் முடியும். லைனை விட்டுவிட எல்லோராலும் முடியாது.

பலர் முன்னிலையில் ஒரு வசை

மேலதிகாரியின் கடுஞ்சொல் உடம்புக்குள் எவ்வாறு இறங்குகிறது? ஆபத்து நேர்ந்தது என்று மூளை கருதியதும், அதன் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதாலமஸ் பிட்யூட்டரிச் சுரப்பிக்கும், பிட்யூட்டரி இரத்தத்தின் வழியாகச் சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகளுக்கும் செய்தி அனுப்புகின்றன. அட்ரினல் சுரக்கும் கார்டிசால் என்ற பொருள், சேமிப்பிலுள்ள சர்க்கரையை இரத்தத்தில் கலந்து உடம்பை ஆயத்தம் செய்கிறது. ஆபத்து நீங்கியதும் அது தணிந்துவிட்டால் கேடில்லை. நாள்தோறும் மூண்டு, தணிய அவகாசமின்றி நீடித்தால், உறக்கமும் இரத்த அழுத்தமும் நோய் எதிர்ப்பு ஆற்றலும் படிப்படியாகச் சீர்குலைகின்றன.

எவ்வகைச் சோதனை கார்டிசாலை அதிகமாக உயர்த்துகிறது என்று அறிய, சாலி டிக்கர்சன், மார்கரெட் கெமெனி என்ற இரு உளவியலாளர்கள் அதுவரை நடந்திருந்த 208 பரிசோதனைகளை ஒருங்கே ஆராய்ந்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். கடினமான கணக்கோ பெரும் சத்தமோ அதை அவ்வளவாக உயர்த்தவில்லை. பிறர் பார்த்துக் குறைவாக மதிப்பிடக்கூடிய நிலையும், என்ன பிரயத்தனம் செய்தாலும் விளைவை மாற்ற முடியாத நிலையும் ஒன்றுசேர்ந்த இடத்திலேயே அது மிகவும் உயர்ந்தது. தணிவதற்கும் வெகுநேரம் பிடித்தது.

தொழிற்கூடத்தில் இது எப்படி நிகழ்கிறது என்று பாருங்கள். வரவேண்டிய உறுப்புகள் தாமதமாக வந்ததனால் அந்த மணி நேரத்து டார்கெட்டில் சில எண்ணிக்கை குறைகிறது. லைன் முழுவதும் கேட்கும்படி மேற்பார்வையாளர் ஒரு பெண்ணைப் பார்த்து, “உன்னாலதான் லைன் நிக்குது” என்று உரத்துச் சொல்கிறார். குறை அவளுடையதன்று, அதைத் திருத்தும் உபாயமும் அவள் கையில் இல்லை, அருகில் நிற்கும் அத்தனை பேரும் அவளைப் பார்க்கிறார்கள். ஆராய்ச்சிசாலையில் விஞ்ஞானிகள் திட்டமிட்டுச் சேர்க்கிற இரண்டு அம்சங்களையும் அந்த ஒரு வாக்கியம் சேர்த்துவிடுகிறது. அன்றிரவு அவளுக்கு உறக்கம் வரவில்லையென்றால் அது மனத்தின் பலவீனம் அல்ல, சரீரத்தின் நியதி.

தோல்வியும் மூளையும்

வேலை போதல், பதவி உயர்வு தவறுதல், கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படாமல் முடிதல் முதலிய பின்னடைவுகளுக்குப் பின் பலர் முயற்சியையே கைவிட்டுவிடுவது ஏன் என்பதற்கும் அறிவியல் விடை தேடியிருக்கிறது. 1967இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற உளவியலாளர்கள் நாய்களைக் கொண்டு ஒரு பரிசோதனை செய்தார்கள். இரண்டு வகை நாய்களுக்கும் ஒரே அளவான மின்னதிர்ச்சி. ஒரு வகை தலையால் பலகையை அழுத்தி அதை நிறுத்தலாம், மற்ற வகையால் எதுவும் செய்ய இயலாது. பின்னர், ஒரு தாழ்ந்த தடுப்பைத் தாண்டினாலே தப்பிவிடக்கூடிய வேறொரு கூண்டில் விட்டபோது, முதல் வகை நாய்கள் தாண்டிக் குதித்தன. இரண்டாம் வகையில் பெரும்பாலானவை முயலாமலே படுத்துக் கிடந்தன. இதிலிருந்து, நிராதரவு என்பது கற்றுக்கொள்ளப்படுகிறது என்று அவர்கள் முடிவு செய்தார்கள்.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 2016இல், மூளையின் நரம்புப் பாதைகளை ஆராய்ந்தறிந்த அதே இருவரும் தங்கள் பழைய முடிவைத் தலைகீழாகத் திருத்தி எழுதினார்கள். நீடித்த துன்பத்தில் சோர்ந்து கிடப்பது மூளையின் இயல்பான பதில், அது கற்றதன்று. ‘என் செயலால் ஒரு மாறுதல் உண்டு’ என்பதே கற்றுக்கொள்ளப்படுகிறது. அதைக் கற்கும்போது நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதி, சோர்வைத் தூண்டும் உட்பகுதியை அடக்கி வைக்கிறது. ஒருமுறை அவ்வாறு கற்ற விலங்கு, பிற்பாடு வேறொரு துன்பத்திலும் எளிதில் நிலைகுலைவதில்லை. தோல்வியுற்றுச் சோர்ந்திருக்கிற எவரையும் சோம்பேறி என்று பழிக்க இனி நமக்கு நியாயமில்லை; அதே சமயம், எவ்வளவு சிறிதாயினும் தம் கையால் ஒன்றைச் செய்து முடிப்பது அவருக்கு மருந்து என்பதும் இதனால் விளங்குகிறது.

ஆமதாபாத்தில் கண்ட வழி

ஒருவர் மனத்தை மட்டும் திருத்தினால் போதாது, வேலையின் அமைப்பையே திருத்த வேண்டும் என்பதற்கு நம் தேசத்திலேயே சிறந்த சாட்சியம் இருக்கிறது. ஆமதாபாத்தின் காலிகோ ஆலை ஒன்றில் 1952இல் தானியங்கித் தறிகளைப் பொருத்தியபோது, எதிர்பார்த்த உற்பத்தி பெருகவில்லை. லண்டனிலுள்ள டாவிஸ்டாக் நிலையத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் 1953இல் அங்கு வந்து பார்த்தார். ஒரு நெசவாளர் 24 அல்லது 32 தறிகளைக் கவனித்தார். நூற்கண்டு நிரப்புகிறவர் 40 அல்லது 50 தறிகளைக் கவனித்தார். அறுந்த இழை பிணைப்பவருக்கு வேறொரு கணக்கு. யார் யாரோடு சேர்ந்து வேலை செய்கிறார், எந்தத் தறிக்கு யார் பொறுப்பு என்பதே எவருக்கும் தெளிவாயில்லை.

குறிப்பிட்ட தறிகளைக் குறிப்பிட்ட சிறு குழுவினர் சேர்ந்து கவனிக்கட்டும், வேலையைத் தங்களுக்குள் அவர்களே பகிர்ந்துகொள்ளட்டும் என்ற யோசனையை ரைஸ் முன்வைத்தபோது, தொழிலாளர்கள் அதைத் தங்கள் யோசனையாகவே எடுத்துக்கொண்டு, குழுக்களை அவர்களே அமைத்துவிட்டார்கள். ஆரம்பத்தில் சில இடர்ப்பாடுகள் நேர்ந்தாலும், பிறகு உற்பத்தி உயர்ந்தது. துணியில் சேதம் குறைந்தது. இயந்திரம் மாறவில்லை, மனிதர்களும் மாறவில்லை, சுவாதீனம் இடம் மாறிற்று.

செய்யத் தகுந்தவை

வேலையில் அதிருப்தி கொண்டவர்கள், வெறுப்பு முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டாமல் பிரித்துப் பார்ப்பது நல்லது. சம்பளமும் நேரமும் இடமும் அதிகாரியின் குணமும் மனிதரை வருத்துகின்றன. வேலையின் சுவையும் அதில் காணும் முன்னேற்றமுமே மகிழ்விக்கின்றன. இவ்விரண்டும் ஒரே அளவுகோலின் இரு முனைகள் அல்ல என்று 1959இலேயே பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் எழுதினார். இரண்டில் எது குறை என்று தெரிந்தால்தான், வேறு கம்பெனி தேடுவதா, வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்பதா, புதிய தொழில் கற்பதா என்பது தெளிவாகும். நைட் ஷிப்ட் வாரத்தில், உறக்கமற்ற மூளையைக் கொண்டு ராஜிநாமாவை முடிவு செய்வது வேண்டாம்.

அதிகாரியிடம் பேசுவதானால், தனியாக, அவர் ஓய்ந்திருக்கும் வேளையில், புகாராக அன்றி அவரால் செய்யக்கூடிய ஒரு குறிப்பான வேண்டுகோளாகப் பேசுவது பலன் தரும். எல்லை மீறிய வசையோ அவமதிப்போ நேர்ந்தால் தேதியோடு குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்குப் பாலியல் தொல்லை நேர்ந்தால் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த உட்புகார்க் குழுவிடம் செல்ல உரிமை உண்டு. வேலை இழந்தவர்கள், தங்கள் கோபத்தையும் துக்கத்தையும் ஒளிவுமறைவின்றித் தமக்கெனத் தொடர்ந்து சில நாட்கள் எழுதி வருவது உதவுகிறது. 1994இல் உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் முதலியோர் வெளியிட்ட ஆராய்ச்சியில், அவ்வாறு எழுதிய பணிநீக்கம் பெற்ற பொறியாளர்களில் கூடுதலானோர் விரைவில் வேலை பெற்றார்கள். சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால், மத்திய அரசின் டெலி-மானஸ் தொலைபேசி எண் 14416இல் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

ஆனால் தொழிலாளியின் பொறுமையை மட்டுமே மருந்தாகச் சொல்லி நிறுத்துவது நியாயமாகாது. கடைகளில் நாள் முழுதும் நின்றவர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் செய்தது. 2023 ஏப்ரலில் சட்டசபையில் நிறைவேறிய 12 மணி நேர வேலை மசோதா, தொழிலாளர்களின் எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. வேலையின் அமைப்பு விதியால் வந்ததன்று, மனிதர் தீர்மானிப்பது என்பதற்கு இவையே அத்தாட்சி.

ஆகவே இக்கட்டுரை, கீழே நிற்பவர்களைவிட மேலே நிற்பவர்களிடம் அதிகம் கேட்டுக்கொள்கிறது. லைன் லீடராகவோ மேலாளராகவோ இருக்கிற அன்பர்களே, குறை சொல்ல நேர்ந்தால் தனியே அழைத்துச் சொல்லுங்கள். அடுத்த வாரத்து ஷிப்டை முன்கூட்டியே அறிவியுங்கள். வேலையை எப்படிச் செய்தால் எளிது என்று செய்கிறவரிடமே ஒருமுறை கேளுங்கள். இம்மூன்றுக்கும் ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. உங்கள் கீழ் உழைப்போரின் இருதயத்தையும் உறக்கத்தையும் காக்கும் சக்தி, மருத்துவரிடம் இருப்பதைப் போலவே, உங்களிடமும் இருக்கிறது.