சிறியதை முடித்தவரே பெரியதைத் தொடுவார்

காப்பாரில் எஸ்.பி.எம். முடித்த பிள்ளை ஒருவர், இரவெல்லாம் கணினி முன் அமர்ந்து விளையாட்டு நிரல் எழுதப் பழகினால், பெற்றோருக்கு அது வீண் பொழுதுபோக்காகத் தெரியலாம். உண்மையில் அது பொறுமையைக் கோரும் ஒரு கைத்தொழில்.

எந்தக் கணினி விளையாட்டுக்கும் அடிப்படை ஒரு சுழற்சிதான். ஆடுபவர் எந்த விசையை அழுத்தினார் என்று கணினி பார்க்கிறது. அதற்கேற்பப் பொருள்களின் இடத்தைக் கணக்கிடுகிறது. பிறகு திரையில் வரைகிறது. பெரும்பாலும் விநாடிக்கு 60 முறை இது நடக்கிறது.

புதியவர்கள் பலர் சறுக்குவது எங்கே? முதல் முயற்சியிலேயே பிரமாண்டமான ஆட்டத்தைத் திட்டமிடுகிறார்கள். முடிக்க முடியாமல், ‘நமக்கு இது வராது’ என்று கைவிடுகிறார்கள். 1972-இல் வெளிவந்த ‘போங்’ ஆட்டத்தில் இரண்டு மட்டைகளும் ஒரு பந்தும்தான். அதுபோன்ற ஒன்றை முதலில் முடிக்க வேண்டும். அதற்கு உதவும் ‘கோடோ’ மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

கனடாவில் உருவாகி 2023-இல் வெளிவந்த ‘வெண்பா’, புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பமொன்றின் கதையைச் சமையல் வழியே சொல்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆடி முடித்துவிடலாம். அந்தச் சிறிய ஆட்டம்தான் 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதைப் பெற்றது.

பிள்ளை முடித்த முதல் ஆட்டத்தைப் பெற்றோர் ஒரு முறையேனும் ஆடிப் பார்க்கட்டும். அடுத்ததைத் தொடங்க அந்த ஊக்கம் போதும்.