பக்கத்தில் ஓர் ஆள்!

2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. பிள்ளையைப் போல வளர்த்த தென்னைகள் வேரோடு சாய்ந்தன.

அடுத்த வாரங்களில் மணமேல்குடியில் என்னிடம் வந்த பலருக்கும் ஒரே தொல்லைதான். தூக்கமில்லை, நெஞ்சுப் படபடப்பு, வயிற்றெரிச்சல். நாடி பார்த்து மருந்து கொடுத்தேன். ஒரு விவசாயி மட்டும் சூரணப் பொட்டலத்தைப் பிரிக்காமலே திரும்பி வந்தார்.

"இப்பப் பரவாயில்லைங்க ஐயா. பக்கத்து வீட்டு மச்சான் தினமும் பொழுது சாய வந்து திண்ணையில உட்காருவாரு. நான் பேசினா கேட்பாரு. காலையில ரெண்டு பேருமா மரத்தை அறுத்து ஒதுக்குவோம். இப்ப தூக்கம் வருதுங்க" என்றார்.

இதைப் படித்துவிட்டு மருந்தே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்! திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் வைத்தியத்தை நான்காக வகுக்கிறார்: நோயாளி, வைத்தியர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர். அந்த நான்காவது ஆள் நீங்கள்தான்.

எப்படி ஆதரவாக இருப்பது?

* "உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க இல்லையா?" என்று கேட்காதீர்கள். அது ஆறுதல் அல்ல, வாயை அடைப்பது. முதலில் காது கொடுங்கள்.

* "ஏதாவது வேணும்னா சொல்லு" என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். நீங்களே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். கஞ்சி வைத்துக் கொடுங்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுங்கள். தாலுகா ஆபீசுக்குத் துணைக்குப் போங்கள்.

* முதல் வாரம் வீடு நிறைய ஆள் இருக்கும். மூன்றாவது மாதம் எட்டிப் பார்க்க ஆளிருக்காது. அப்போது போங்கள்.

* படுக்கையில் கிடப்பவரைக் கவனிக்கும் மனைவியோ மகளோ சரியாகச் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்றும் கேளுங்கள். அரை நாளாவது அவருக்கு ஓய்வு கொடுங்கள்.

* இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் இல்லையென்றால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். "வாழவே பிடிக்கலை" என்று சொன்னால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரைத் தனியே விடாமல் உடனே மனநல மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். 104, 14416 ஆகிய எண்களில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.

அந்த மச்சானைப் பிறகு ஒரு நாள் பார்த்தேன். அவர் தோப்பும் புயலில் போயிருந்தது! "அவருக்குத் துணையாப் போறேன்னுதான் போனேன் ஐயா. வீட்ல தனியாக் கிடந்திருந்தா எனக்கும் தூக்கம் வந்திருக்காது" என்றார்.

பார்த்தீர்களா? ஒரே திண்ணை, இரண்டு பேருக்கும் மருந்து!