நரம்பும் மின்முனையும் சந்திக்கும் இடம்

கண்ணாடித் தட்டில் வளரும் நரம்பணு, தனக்குக் கீழே உள்ள மின்முனையோடு ஒட்டிக்கொண்டதுபோலத் தெரியும். ஆனால் நடுவே சில பத்து நானோமீட்டர் தடிப்பில் உப்புநீர்ப் படலம் இருக்கிறது. நரம்பணு துடிக்கும்போது எழும் மின்னோட்டம் அந்தப் படலத்தின் வழியே பக்கவாட்டில் கசிந்துவிடும். படலம் மெலிந்தால் கசிவுக்குத் தடை கூடும், மின்முனைக்குக் கிடைக்கும் சமிக்ஞையும் வலுக்கும். இத்தகைய படலத்தின் ஊடாகத்தான் 1991-இல் ஜெர்மனியில் பீட்டர் ஃபுரோம்ஹெர்ஸ் குழுவினர் அட்டையின் நரம்பணு ஒன்றைச் சிலிக்கன் டிரான்சிஸ்டர் மேல் வைத்து அதன் துடிப்பைப் பதிவு செய்தனர்.

நரம்பணுவுக்கும் மின்முனைக்கும் நடுவே உள்ள அந்த இடுக்கில் எந்தக் கருவியையும் நுழைத்து அளப்பது கடினம். அதனால்தான் கணினி மாதிரி தேவைப்படுகிறது. அதில் சவ்வை மின்தேக்கியாகவும், அயனிகள் போய்வரும் வாயில்களை மாறும் மின்தடைகளாகவும் எழுதுகிறார்கள். இதற்கான சமன்பாடுகளை ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் அறிவியலாளர்கள் கணவாயின் தடித்த நரம்பிழையை ஆராய்ந்து 1952-இல் வெளியிட்டனர். கைப்பிடி சுழற்றும் கணக்குப்பொறியில் ஹக்ஸ்லி வாரக்கணக்கில் போட்ட கணக்கு, இன்று மடிக்கணினிக்கு நொடி வேலை.

இந்தக் கணக்கால் மனிதர் நேரடியாகப் பயன்பெறும் இடம் உள்காது. அங்கே பொருத்தப்படும் காக்ளியர் கருவி, செவி நரம்பை மின்னோட்டத்தால் தூண்டிக் கேட்கவைக்கிறது. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 1995-இல் இக்கருவியைப் பொருத்தும் பணியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் அது பொருத்தப்படுகிறது. செவி நரம்பில் சுமார் 30,000 இழைகள். கருவியில் இருப்பதோ அதிகபட்சம் இருபத்துச் சொச்சம் மின்முனைகள். அவை நரம்பைத் தொடுவதும் இல்லை. உள்காதுத் திரவத்தில் மிதந்தபடி, எலும்புச் சுவருக்கு அப்பால் உள்ள இழைகளைத் தூண்டுகின்றன. திரவம் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால் ஒரு முனையின் மின்னோட்டம் பக்கத்து இழைகளுக்கும் பரவுகிறது. ஒலிகள் ஒன்றோடொன்று கலப்பதற்கு இது முக்கியக் காரணம்.

இந்தப் பரவலை அறிய உதவும் கணினி மாதிரியில் முதலில் சி.டி. ஸ்கேன் படத்திலிருந்து உள்காதின் வடிவத்தைக் கட்டி, திரவம், எலும்பு, நரம்பு ஒவ்வொன்றின் கடத்துதிறனையும் கொடுத்து, எங்கெங்கே எவ்வளவு மின்னழுத்தம் என்று கணக்கிடுகிறார்கள். பிறகு அந்த அழுத்தத்தில் எந்த இழை துடிக்கும் என்று பார்க்கிறார்கள். மின்முனை, நரம்பு இருக்கும் உட்சுவரை நெருங்கினால் குறைந்த மின்னோட்டமே போதும் என்பதும், அறுவைக்குப் பின் சுற்றிலும் வளரும் தழும்புத் திசு மின்னோட்டத்தின் பாதையையே மாற்றும் என்பதும் இப்படிப் புலப்படுகின்றன.

எத்தனை இழைகள் உயிரோடு மிஞ்சியிருக்கின்றன என்பது மட்டும் ஸ்கேனில் தெரியாது. ஆகவே ஒவ்வொரு முனைக்கும் எவ்வளவு மின்னோட்டம் தேவை என்பதைச் செவித்திறன் நிபுணர், குழந்தையை எதிரே உட்காரவைத்து, அதன் நரம்பு தரும் மறுமொழியையும் முகத்தையும் பார்த்தே முடிவு செய்கிறார்.