கிளைடரின் சிறகுக்கு ஒரு சில்லு

இயந்திரமில்லாத விமானமான கிளைடரை வானத்தில் மட்டும் பார்த்தவர்களுக்கு, அது நிலத்தில் எவ்வளவு பரிதாபமாக நிற்கும் என்பது தெரியாது. வயிற்றின் நடுவில் ஒரே ஒரு பெரிய சில்லு. வாலடியில் சின்னதாக இன்னொன்று. இரண்டு பக்கமும் ஏழரை மீற்றர் நீளத்துக்குச் சிறகு. யாரும் பிடிக்காவிட்டால் ஒரு பக்கம் சரிந்து, சிறகின் நுனி புல்லில் கிடக்கும். அதைக் கொட்டகையிலிருந்து ஓடுபாதையின் தொடக்கத்துக்குக் கொண்டுபோக, வாலில் ஒரு சிறு வண்டியைப் பூட்டி, அதைக் கம்பியொன்றால் காரின் பின்னால் கொளுவி, வால் முன்னே போகும்படி இழுப்பார்கள். ஒருவர் சிறகு நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பார்.

ஜேர்மனியில் இது ஊர்க் கழகங்களின் விளையாட்டு. முதலாம் உலகப் போரின் பின்னர் வெர்சாய் உடன்படிக்கை அந்நாட்டின் இயந்திர விமானங்களுக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, இளைஞர்கள் இயந்திரமில்லாமல் பறக்கத் தொடங்கினார்கள். வாசர்குப்பே மலையில் 1920 இல் முதல் போட்டி நடந்தது. தங்கள் விமானத்தைத் தாங்களே கட்டுவதும் திருத்துவதும் அப்போதிருந்தே வந்த பழக்கம். நான் சேர்ந்திருக்கும் கழகத்திலும் கோடையில் பறக்க விரும்புபவர் குளிர்காலத்தில் பட்டறையில் இத்தனை மணித்தியாலம் வேலை செய்ய வேண்டும் என்பது விதி.

சிறகு பிடித்து நடப்பது புதிதாகச் சேர்ந்தவர்களின் வேலை. முதல் வருடம் முழுவதும் நானும் நடந்தேன். சனி, ஞாயிறுகளில் ஆளுக்குக் குறைவில்லை. கிழமை நாட்களில்தான் பிரச்சினை. எங்கள் கழகத்தில் எழுபது வயதைத் தாண்டிய, ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். நல்ல வெயிலும் மேகமும் புதன்கிழமையில் வந்தால், இழுவை விமானத்தின் ஓட்டி வரும்வரை அவர் தன்னந்தனியே கொட்டகை வாசலில் காத்திருப்பார். சிறகு பிடிக்க ஆளில்லாமல் அந்த நாளின் நல்ல நேரம் போய்விடும். அவருக்குத் தேவைப்பட்டது சிறகைத் தாங்கும் ஒரு கால், அதன் அடியில் ஒரு சில்லு. கடையிலும் வாங்கலாம். ஆனால் பட்டறையில் எனக்கு மணித்தியாலங்கள் மிச்சமிருந்தன. செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

முதலில் செய்தது முழுத் தவறு. இரும்புக் குழாய், தள்ளுவண்டிச் சில்லு, சிறகைக் கவ்வத் தடித்த பிளைவூட் பலகை. எல்லாம் சேர்ந்து 11 கிலோ. பலமாக இருந்தால் பாதுகாப்பு என்று நினைத்தேன். மே மாதம் ஒரு நாள் அகழெலி கிளறிவிட்ட மண்மேட்டில் சில்லு ஏறியது. சிறகு மேலே வளைந்து, திரும்பக் கீழே வந்தபோது அந்த இரும்பையும் கூடவே உதறியது. பலகையின் ஓரம் பதிந்த இடத்தில் வெளிப்பூச்சு நட்சத்திரம் போல வெடித்தது. பரிசோதகர் வந்து பார்த்து, தட்டி, சுரண்டி, அனுமதி தரும்வரை விமானம் மூன்று கிழமை தரையில் நின்றது. பறப்பதற்கு ஆண்டிலேயே மிக நல்ல மூன்று கிழமைகள் அவை. என்னை யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன் பிறகுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டிய கணக்கைச் செய்தேன். இந்தக் கால் உண்மையில் எவ்வளவு பாரத்தைத் தாங்குகிறது?

எங்களுடையது எல்.எஸ். 4 என்ற ஒற்றை இருக்கை விமானம். 1980 இல் முதன்முதலாகப் பறந்த வகை. சிறககலம் 15 மீற்றர், வெற்று எடை ஏறக்குறைய 240 கிலோ. இந்த எடையின் பெரும்பகுதியை நடுச் சில்லு தாங்குகிறது. இரண்டு சிறகும் தராசுத் தட்டுகள் போலச் சமநிலையில் இருப்பதால், விழுந்து கிடக்கும் நுனியை இரண்டு விரலால் தூக்கலாம். நடுவிலிருந்து 5 மீற்றர் தள்ளிக் காலைப் பூட்டி, அந்தப் பக்கத்தை மட்டத்திலிருந்து 15 சென்ரிமீற்றர் தாழ்த்தி வைத்தால், விமானத்தின் ஈர்ப்பு மையம் பக்கவாட்டில் இரண்டு சென்ரிமீற்றர் மட்டில் நகரும். 240 கிலோவை இரண்டு சென்ரிமீற்றரால் பெருக்கி 5 மீற்றரால் வகுத்தால் வருவது ஒரு கிலோ. ஒரு சீனிப் பைக்கற்றின் எடை! அதைத் தாங்கத்தான் 11 கிலோ இரும்பைத் தொங்கவிட்டிருந்தேன். சிறகுக்கு வந்த ஆபத்து விமானத்தின் எடையால் அல்ல, நான் செய்த வண்டியின் எடையால் வந்தது.

ஆகவே இரண்டாவதை நேர்மாறாகத் தொடங்கினேன். காலுக்கு 40 மில்லிமீற்றர் விட்டமும் 2 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள அலுமினியக் குழாய். ஒரு மீற்றரின் எடை 650 கிராமுக்கும் குறைவு. அதே அளவு இரும்புக் குழாய் மூன்று மடங்கு வரும். அலுமினியத்தை வெல்டிங் செய்தால் சூடுபட்ட இடம் பலமிழக்கும் என்பதால் பொருத்துகள் எல்லாம் போல்ட்தான். அடியில் சிறுபிள்ளைகளின் பழைய சைக்கிளிலிருந்து எடுத்த 16 அங்குலச் சில்லும் அதன் கவையும். பெரிய சில்லு குழியில் இறங்காமல் கடந்துவிடும். காற்றை அரைவாசிதான் அடிக்கிறேன். மெத்தென்ற ரயரே ஸ்பிரிங்கின் வேலையைச் செய்கிறது. கால் கவ்வியோடு சேரும் இடத்தில் ஒரு போல்ட்டை வேண்டுமென்றே நைலோனில் போட்டேன். சில்லு எங்காவது சிக்கினால் அந்தப் போல்ட் அறுந்து கால் மடியட்டும், சிறகு தப்பட்டும்.

சில்லை எந்த இடத்தில் வைப்பது என்பதற்கு விடை நம் ஊர் மாட்டுவண்டியில் இருக்கிறது. வண்டியின் இரண்டு சில்லும் ஒரே அச்சில் இருப்பதால்தான் எந்தத் திருப்பத்திலும் அவை தேயாமல் உருளுகின்றன. கிளைடரின் நடுச் சில்லும் பக்கம் திரும்பாது. அதன் அச்சை ஒரு நேர்கோடாகச் சிறகின் கீழே நீட்டி, அந்தக் கோட்டிலேயே இரண்டாவது சில்லை வைத்தால் இரண்டும் ஒரு வண்டியாகிவிடும். வாலை இழுக்கும் கார்தான் மாடு. கோட்டுக்கு முன்னே அல்லது பின்னே வைத்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் சில்லு பக்கவாட்டில் அரைபட்டு, அந்த இழுவை சிறகை முறுக்கும். நான் நூல் பிடித்துப் பார்த்தபோது கோடு சிறகின் முன்விளிம்புக்குக் கிட்ட வந்தது. அதனால் காலைச் சற்று முன்னோக்கிச் சாய்த்தேன். தானாகத் திரும்பும் சில்லு போட்டால் இந்தத் தொல்லை இல்லை என்பார்கள். ஆனால் பின்னுக்குத் தள்ளும்போது அது சுழன்று திரும்புகிற அதிர்வு எனக்குப் பிடிக்கவில்லை.

அதிக நேரம் எடுத்தது கவ்விதான். சிறகின் தோல் என்பது இரண்டு கண்ணாடி இழைப் படைகளும் நடுவில் நுரையும். பரந்த அழுத்தத்தைத் தாங்கும், ஒரு புள்ளியில் விழும் அழுத்தத்தைத் தாங்காது. பின்விளிம்பு அதைவிட மெல்லியது. குளிர்காலத்தில் சிறகைக் கழற்றித் தலைகீழாக வைத்திருந்தது வசதியாகப் போயிற்று. அதன்மேல் பொலித்தீன் விரித்து, கம்பளத்தின் தடிப்புக்கு ஸ்பொஞ்ச் தாள் ஒட்டி, எபொக்சியில் நனைத்த கண்ணாடி இழைத் துணியை மூன்று படை போட்டேன். காய்ந்ததும் சிறகின் வளைவை அப்படியே உரித்தெடுத்தது போல ஒரு தொட்டில் கிடைத்தது. ஸ்பொஞ்சை எடுத்துவிட்டு உள்ளே கம்பளம் ஒட்டினேன். பாரம் சிறகின் உள்ளே ஓடும் முதுகெலும்புக்குக் கீழே விழுகிறது. பின்விளிம்பைத் தொட்டில் தொடவே தொடாது. மேலே ஒரு நைலோன் பட்டி, ஒரு கொளுக்கி. மொத்தம் மூன்றரைக் கிலோ. ஒரு கையால் சிறகைத் தூக்கி, மறு கையால் இதைக் கீழே செருகலாம். தனியாக நிற்பவருக்கு வேறு வழியும் இல்லை.

எடை குறைந்ததற்கு ஒரு விலை உண்டு. பக்கக் காற்று, அது வரும் திசையிலுள்ள சிறகைத் தூக்கப் பார்க்கும். பாரமான வண்டி அதை அமத்தி வைத்திருக்கும். என்னுடையது சிறகோடு சேர்ந்து எழும்பிவிடும். ஆகவே காற்றுக்கு மறுபக்கச் சிறகில் பூட்டுகிறோம். அப்போது காற்றே சில்லை நிலத்தில் அழுத்துகிறது. சிறகின் மேலுள்ள வேகத்தடுப்புத் தட்டுகளையும் திறந்து வைத்தால் சிறகு தூக்குவது குறையும். காற்று பலமென்றால் கருவியை நம்பக்கூடாது. ஆள் பிடிக்க வேண்டும், ஆளில்லாவிட்டால் அன்று பறப்பில்லை. அந்த முதியவர் இதை எனக்கு முன்பே சொன்னார்.

இரண்டு வண்டிகளுக்கும் கடும் செம்மஞ்சள் நிறம் பூசியது அழகுக்காக அல்ல. சிறகு வண்டியை மறப்பது கடினம், கண்ணுக்கு முன்னே நிற்கும். வால் வண்டி விமானிக்குத் தெரியாது. அதைக் கழற்ற மறந்து மேலே எழும்பினால் ஈர்ப்பு மையம் பின்னுக்குப் போய், மூக்கைக் கீழே அழுத்த முடியாமல் போகலாம். அப்படி விபத்துகள் நடந்திருக்கின்றன. எங்கள் கழகத்தில் இரண்டும் காரின் பின்பெட்டிக்குள் ஏறிய பிறகுதான் விமானி உள்ளே ஏறி அமரலாம்.

இரண்டு கோடை ஓடிவிட்டது. நைலோன் போல்ட் ஒரு தடவை அறுந்தது. சிறகில் கீறல்கூட இல்லை. தொட்டிலுக்குள் ஒட்டிய கம்பளத்தில் மணல் ஏறியிருக்கிறது, அது பூச்சைத் தேய்க்கும். இந்தக் குளிர்காலம் அதை மாற்ற வேண்டும்.