உப்புத்தாளும் மஞ்சள் விளக்கும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்ணையில் பழைய செய்தித்தாள் விரித்திருந்தால், அப்பா வண்டியில் கைவைக்கப் போகிறார் என்று அர்த்தம். கடலூர் முதுநகர், எண்பதுகளின் கடைசி. தாளின்மேல் பிளக் ஸ்பேனர், திருப்புளி, ஒரு துண்டு உப்புத்தாள், அம்மாவின் தையல் மிஷின் எண்ணெய். இவ்வளவுதான் எங்கள் பட்டறை.

முதலில் பிளக்கைக் கழற்றுவார். அதன் முனையைப் பார்த்தே அந்த வாரம் வண்டி எப்படி ஓடியது என்று சொல்லிவிடுவார். காபிப்பொடி நிறமென்றால் நலம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. வெளுத்திருந்தால் காற்று அதிகம், இன்ஜின் சூடாகிறது. எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் பங்கில் டூ டி ஆயிலைத் தாராளமாக ஊற்றிவிட்டார்கள். டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றிய காலம் அது.

அடுத்தது பாயின்ட். அதுதான் பெரிய வேலை. இரண்டு சின்ன உலோகக் குமிழ்கள் சேர்ந்து பிரியும். பிரிகிற நொடியில்தான் பிளக்கில் பொறி பறக்கும். நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். அதை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. சவர பிளேடு ஒன்றின் கனம் 0.1 மி.மீ. நாலு பிளேடைச் சேர்த்து நுழைத்தால் கணக்கு சரி. அப்பா படித்தது பத்தாம் வகுப்பு. அவருக்கு இதை யார் சொல்லித் தந்தார்களோ! குமிழில் பள்ளம் விழுந்திருந்தால் உப்புத்தாளை மடித்து நடுவில் விட்டு இழுப்பார். நீலமாகக் கருகியிருந்தால் மட்டும் முகம் மாறும். "கண்டன்சர் போச்சுடா."

கிளட்ச் கேபிள் இறுகினால் அதைக் கழற்றி ஜன்னல் கம்பியில் தொங்கவிடுவார். மேல் முனையில் காகிதப் புனல் கட்டி எண்ணெய் ஊற்றினால், விடியும்போது கீழ் முனையில் துளி எட்டிப் பார்க்கும்.

இந்தச் சடங்கெல்லாம் அன்பால் நடந்ததாக இப்போது எழுதுகிறார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். சிதம்பரம் போக ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். ஆலப்பாக்கத்துக்கும் புதுச்சத்திரத்துக்கும் நடுவில் வண்டி பொசுக்கென்று நின்றால் கேட்க ஆளில்லை. பிளக்கின் இரு முனைகளுக்கும் நடுவே கரித்துணுக்கு ஒன்று பாலம் போட்டிருக்கும், அவ்வளவுதான். கைக்குட்டையைச் சுற்றிச் சுடச்சுடக் கழற்றி, ஊக்கால் சுரண்டி மாட்டினால் மறுபடி ஓடும். அடிக்கடி நின்றதால்தான் அப்பா கற்றார். வண்டி ஒழுங்காக ஓடியிருந்தால் ஞாயிறுதோறும் எங்களைத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப்போயிருப்பார்.

ஒழுங்காக ஓடும் வண்டிகளும் வந்தன. 1985-இல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தது. பெட்ரோலை ஊற்றி மூடிவிட்டு மறந்துவிடலாம் என்பதே அதன் விளம்பரம். ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் பெட்ரோலில் ஆயில் கலக்கும் வேலை போனது. பாயின்ட் இருந்த இடத்தில் சிடிஐ என்ற கறுப்புப் பெட்டி உட்கார்ந்தது. அதை உப்புத்தாளால் தேய்க்க முடியாது, மாற்றத்தான் முடியும். 2000 ஏப்ரலில் புகைக் கட்டுப்பாடு இறுகியபின் டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்கள் மெல்லப் படியிறங்கின. பெரிய வெட்டு 2020 ஏப்ரல் 1 அன்று விழுந்தது. பிஎஸ் 6 புகை விதி வந்து, பெரும்பாலான புது வண்டிகளில் கார்பரேட்டரே இல்லாமல் போனது. எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்பதை இப்போது சென்சார்களைக் கேட்டு ஒரு சிறு கணினி முடிவு செய்கிறது. கோளாறென்றால் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரியும். என்ன கோளாறு என்று விளக்கு வாய் திறக்காது.

கடல் மட்டும் மாறவில்லை. முதுநகரில் நிற்கும் எந்த வண்டியின் செயினும் இன்றும் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடிக்கிறது. சைலன்சரின் அடியில் இன்றும் ஓட்டை விழுகிறது. 2015 வெள்ளத்தில் அப்பாவின் வண்டி சீட் வரை முங்கியது. கியர் ஆயிலை வடித்தால் பால் காபி மாதிரி வந்தது. ஆயிலை இரண்டு முறை மாற்றி, பிளக்கைக் கழற்றிவிட்டு, உள்ளே புகுந்த தண்ணீரெல்லாம் பீச்சியடிக்கும் வரை கிக்கரை உதைத்தோம். மூன்றாம் நாள் உயிர் வந்தது.

அந்த வண்டி இப்போது சிதம்பரத்தில் என் வீட்டில் நிற்கிறது. அதற்குப் புதுச் சிக்கல் ஒன்று வந்திருக்கிறது. இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஒரு மாதம் ஓட்டாமல் விட்டால் கார்பரேட்டரின் மிதவைத் தொட்டியில் அழுக்கு நீர் தேங்குகிறது, பழைய ரப்பர் வளையங்கள் உப்பிக்கொள்கின்றன. ஆகவே நிறுத்திவைக்கும்போது பெட்ரோல் வால்வை மூடி, மிதவைத் தொட்டியைக் காலி செய்துவிடுகிறேன். அப்பாவுக்குத் தெரியாத பாடம் இது.

போன மாதம் அக்கா மகன் தன் புது வண்டியோடு வந்தான். மஞ்சள் விளக்கு எரிந்தபடி இருந்தது. சர்வீஸ் சென்டருக்குத்தான் போவான் என்று நினைத்தேன். அவனோ வாசலிலேயே உட்கார்ந்து விளக்கு சிமிட்டுவதை எண்ணினான். சில வண்டிகளில் நீளமாகச் சிமிட்டினால் பத்து, சட்டென்று சிமிட்டினால் ஒன்றாம். எண்ணைக் கூட்டி, கையேட்டில் தேடி, சீட்டைக் கழற்றி ஒரு சென்சார் இணைப்பைப் பிரித்தான். உள்ளே பச்சைக் களிம்பு. உப்புக்காற்றின் வேலை.

நான் உள்ளே போய் உப்புத்தாளை எடுத்து வந்தேன்.

"மாமா, அது வேணாம். மேல்பூச்சு போயிடும்," என்று சொல்லிப் பையிலிருந்து ஒரு ஸ்ப்ரே டப்பாவை எடுத்தான். அடித்து, துடைத்து, மாட்டினான். அப்படியும் விளக்கு அணையவில்லை. வண்டியை மூன்று முறை அணைத்து எழுப்பியபின்தான் அணைந்தது.